மருதாணி போட்டால் செம்பட்டை, டை அடித்தால் அரிப்பு: நரைக்கு வேறு வழி உண்டா?

வேப்பம்பூ கேட்டது:

அம்மாவுக்காகக் கேட்கிறேன். வயது 58. முன்நெற்றியும் காதோரமும் முழு வெள்ளை, பிடரிப் பக்கம் பாதிக்குப் பாதி. தோள் வரை முடி. மாதம் ஒரு முறை பாக்கெட்டில் வரும் 'கறுப்பு மருதாணி'ப் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் போடுவது வழக்கம். கடைசி இரண்டு முறையும் மறுநாளே காதுக்குப் பின்னால் அரிப்பு, சின்னச் சின்னக் கொப்புளம். அதை விட்டுவிட்டு வெறும் மருதாணிப் பொடி போட்டால் நரை எல்லாம் பளீரென்று ஆரஞ்சு.

அவுரி கலந்தால் கறுக்கும் என்றார்கள். மருதாணி, அவுரி, எலுமிச்சைச் சாறு, தயிர், முட்டை எல்லாவற்றையும் இரும்புச் சட்டியில் ராத்திரி முழுக்க ஊற வைத்துப் போட்டோம். கறுக்கவில்லை. காதோரத்தில் நிறமே ஏறவில்லை. எங்கே தப்பு? அமோனியா இல்லாத டை வாங்கினால் அரிப்பு வராமல் இருக்குமா?

---

பனங்கிழங்கு பதில்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: அமோனியா இல்லை என்பதற்கும் அரிப்புக்கும் சம்பந்தமில்லை. அமோனியா முடியின் மேல்செதிலைத் திறப்பதற்கு. அதை எடுத்துவிட்டு எத்தனாலமைன் போடுகிறார்கள், மூக்கில் ஏறும் நெடி குறையும், அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் கொப்புளத்துக்குப் பெரும்பாலும் காரணம் பாரா-ஃபினைலீன்டையமின், சுருக்கமாகப் பிபிடி. கறுப்பு, கரும்பழுப்பு நிறம் தரும் நிரந்தர டைகளில் அதுவோ அதன் தம்பியான டொலுயீன்-2,5-டையமினோ அனேகமாக இருக்கும். அமோனியா இல்லாத டப்பாவிலும் இருக்கும்.

'கறுப்பு மருதாணி' என்று ஒரு செடி கிடையாது. மருதாணி இலை தரும் நிறம் செம்பழுப்பு ஒன்றுதான். தண்ணீரில் குழைத்து அரை மணியில் நரையைக் கறுப்பாக்கும் பொடி என்றால் அதில் பிபிடி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் பேரியம் பெராக்சைடு என்றும் இருக்கலாம். கிரீம் டையில் பாட்டிலில் வரும் பெராக்சைடின் வேலையைப் பொடியில் அது செய்கிறது. அட்டைப்பெட்டியில் மருதாணி, நெல்லி, கரிசலாங்கண்ணி படம் எல்லாம் இருக்கும். படத்தைப் பார்க்காதீர்கள், சேர்மானப் பட்டியலைப் பாருங்கள்.

இந்த ஒவ்வாமை ஒரு முறை வந்தால் போகாது. அடுத்தடுத்த முறை சீக்கிரமாகவும் பலமாகவும் வரும். இந்த முறை காதுக்குப் பின்னால் கொப்புளம் என்றால் அடுத்த முறை கண்ணிமை வீங்கி மூடிக்கொள்ளலாம். அதனால் உங்கள் அம்மாவுக்குப் பொடி, கிரீம், ஷாம்பு டை எதுவும் வேண்டாம். டொலுயீன் வகைக்கு மாறினாலும் பலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்தால் எது ஒவ்வாது என்று எழுதியே கொடுப்பார். பிறகு எந்த டப்பாவை எடுத்தாலும் சரிபார்க்கலாம். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ நேராக மருத்துவமனைதான், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

கொப்புளம் ஆறித் தோல் பழைய நிலைக்கு வரும்வரை மருதாணியும் வேண்டாம். பிறகும், வாங்கிய பொடியைச் சுண்டைக்காய் அளவு குழைத்து முழங்கை உள்மடிப்பில் தடவி, காய்ந்ததும் கழுவிவிட்டு 48 மணி நேரம் பாருங்கள். 'சுத்த மருதாணி' என்று எழுதியதிலும் கலப்படம் வரும்.

---

நுங்கு பதில்:

பனங்கிழங்கு சொன்னதை வழிமொழிகிறேன். நான் அவுரிக்கு வருகிறேன். நீங்கள் போட்ட ஐந்தும் ஒன்றையொன்று கெடுப்பவை.

மருதாணிக்குப் புளிப்பும் நேரமும் வேண்டும். அவுரிக்கு இரண்டுமே ஆகாது. அவுரி இலையில் நீலம் நீலமாகவே இருப்பதில்லை. இண்டிகன் என்ற நிறமற்ற பொருளாக இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர் பட்டதும் இலையிலேயே உள்ள நொதி அதை உடைக்கும். உடைந்து வருவது முடிக்குள் புகுந்து, அங்கே காற்றுப் பட்டு நீலமாகும். துணிக்கு அவுரி போடும்போதும் கடைசியில் காற்றுப் பட்டுத்தான் நீலமாகும். நீலமாகிவிட்ட பிறகு அது தண்ணீரில் கரையாது, முடிக்குள்ளும் போகாது. ராத்திரி முழுக்க ஊறியதில் உங்கள் அவுரி சட்டியிலேயே நீலமாகி முடிந்துவிட்டது. தயிரும் எலுமிச்சையும் நொதியைக் கெடுத்திருக்கும். முட்டையிலும் தயிரிலும் உள்ள புரதம் சாயத்தைத் தானே பிடித்துக்கொண்டு முடிக்கு மிச்சம் வைக்காது.

பாதிக்கு மேல் நரை இருப்பவர்களுக்கு இரண்டு கட்டமாகப் போடுவதுதான் சரி. முதலில் மருதாணி, அதன் மேல் அவுரி. நேராக வெள்ளை முடியில் அவுரி போட்டால் சாம்பல் நீலமோ பச்சையோ வரும், நிற்கவும் நிற்காது. செம்பழுப்பின் மேல் நீலம் ஏறும்போதுதான் கண்ணுக்குக் கறுப்பு.

தோள்வரை முடிக்கு மருதாணி 100 கிராம், அவுரி 150 கிராம்.

மருதாணி: கண்ணாடி அல்லது எவர்சில்வர் கிண்ணத்தில் பொடி, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஆறிய தேயிலை டிகாக்‌ஷன் அல்லது தண்ணீர் சுமார் 300 மிலி. தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டி. மூடி வையுங்கள். நம்மூர் வெயிலுக்கு நாலைந்து மணி நேரம் போதும், குளிர்காலத்தில் எட்டு. ஊறியதா என்று பார்க்க ஒரு பொட்டு உள்ளங்கையில் வைத்து ஐந்து நிமிடத்தில் துடையுங்கள்; ஆரஞ்சு தெரிந்தால் தயார். கோடையில் ஒரு நாள் முழுக்க விட்டால் சாயம் வீரியம் இழக்கும். இரும்புச் சட்டி நிறத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவசியம் கிடையாது.

தலை: முந்தின நாளோ அன்றோ ஷாம்பு போட்டு அலசி, கண்டிஷனர் போடாமல் காய வையுங்கள். எண்ணெய் ஒரு சொட்டு கூடாது. காதோரத்தில் ஏறாததற்குப் பாதிக் காரணம் எண்ணெய்ப் பிசுக்கு. மறுபாதி, அந்த இடத்தில் கடைசியாக, மெல்லிசாகத் தடவுவது. ஓரமாக இருப்பதால் முதலில் காய்வதும் அதுதான். காய்ந்த பசை சாயம் விடாது. அதனால் காதோரத்திலும் நெற்றியோரத்திலும் ஆரம்பியுங்கள், கைவிரல் தடிமனுக்கு அப்புங்கள், மேலே பிளாஸ்டிக் தாள் துண்டு ஒட்டுங்கள். பிறகு வகிடு வகிடாக அரை அங்குலம் பிரித்துப் பின்தலை. மூன்று மணி நேரம். வெறும் தண்ணீரில் அலசுங்கள்.

அவுரி: மருதாணி அலசித் தலையைத் துவட்டி, ஈரப்பதமாக இருக்கும்போதே கலக்க ஆரம்பிக்கலாம். 150 கிராமுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, தயிர் பதம் வரும்வரை. கை பொறுக்கும் சூடுதான். கொதிநீர் ஊற்றினால் நொதி செத்துப்போகும். சிலர் ஒரு சிட்டிகை உப்பு சேர்ப்பார்கள். 10 முதல் 15 நிமிடத்தில் மேலே கருநீல ஏடு கட்டும், கீழே கிளறினால் பச்சை. அப்போதே எடுத்துத் தடவ வேண்டும், அரை மணிக்குள் முடித்துவிட வேண்டும். தலை பெரிதென்றால் பாதி பாதியாகக் கலந்துகொள்ளுங்கள். மறுபடியும் காதோரம் முதலில். உறை மாட்டி ஒன்றரை மணி நேரம். ஷாம்பு இல்லாமல் அலசல்.

கடையில் வாங்கும்போது ஒரு கவனம். நாட்டு மருந்துக் கடையில் 'நீலி அவுரி இலை' என்று முழுசாகக் கேளுங்கள். அரைகுறையாகக் கேட்டால் நிலாவாரை இலையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அது மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து, நரைக்கு ஒன்றும் செய்யாது. நல்ல அவுரிப் பொடி பச்சையாக, உறைய வைத்த பட்டாணி வாசனையோடு இருக்கும். சாம்பல் படிந்து பழுத்த நிறமென்றால் பழசு.

---

சீப்பும் கத்தரியும் பதில்:

ரெண்டு பேரும் சொன்னது இவங்க அம்மாவுக்குச் சரி. ஆனா இதைப் படிச்சிட்டு ஒவ்வாமை இல்லாதவங்களும் அஞ்சாறு மணி நேரம் பசையோட உட்கார வேண்டாம். 48 மணி நேர டெஸ்டுல ஒண்ணும் வரலைன்னா கிரீம் கலர் தாராளமா போடலாம். தப்பு நடக்கிற இடங்களை மட்டும் சொல்றேன்.

நரைக்கு 20 வால்யூம் டெவலப்பர், அதாவது 6 சதவீதப் பெராக்சைடு. 10 வால்யூம்ல நரை சரியா மூடாது. 30 போட்டா சீக்கிரம் ஆகும்னு நினைக்கிறாங்க, அது முடியை வெளுக்கத்தான் செய்யும், வேர்ல செம்பு அடிக்கும். ஷேடு எண்ணுல 1 கறுப்பு, 3 அடர் பழுப்பு, 4 நடுப் பழுப்பு, 5 இளம் பழுப்பு. புள்ளிக்குப் பின்னாடி 6 மாதிரி எண் வந்தா சிவப்புச் சாயல், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். வெள்ளை முடியில அதை மட்டும் தனியாப் போட்டா ரோஸ் கலரே வரும். அதே ஆழத்துல இயற்கை ஷேடு பாதி, சிவப்பு பாதின்னு கலக்கணும். முதல் தடவை 1 எடுக்காதீங்க. நம்ம முடி கறுப்புன்னு நாம நினைச்சாலும் பெரும்பாலும் 2, 3தான். 1 போட்டா விக் மாதிரி தெரியும், இறக்குறதும் கஷ்டம்.

ரெண்டாவது தடவையிலிருந்து வேர்ல வளர்ந்ததுக்கு மட்டும். மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலதான் முடி வளரும், 30 மிலி கலரே போதும். ஒவ்வொரு தடவையும் நுனிவரைக்கும் இழுத்தா நுனி தார் மாதிரி ஆகும், நார் மாதிரி உடையும். நுனி வெளுத்திருந்தா கடைசி அஞ்சு நிமிஷம் மட்டும் இழுத்து விடுங்க. புருவத்துக்கும் மீசைக்கும் தலை டையை எடுக்காதீங்க. புருவம் கண்ணுக்குப் பக்கம், மீசை உதட்டுக்குப் பக்கம்.

ஒரு எச்சரிக்கை: என்ன இருக்குன்னே தெரியாத பொடி போட்ட தலையில பெராக்சைடு வைக்காதீங்க. உலோக உப்பு இருந்தா முடி சூடாகி அறுந்தே போகும். சீப்புல வர்ற பத்து முடியை 20 வால்யூம் டெவலப்பர் 30 மிலியில 20 சொட்டு அமோனியா விட்டு அரை மணி ஊற வைங்க. கிண்ணம் சுட்டாலோ, நுரைச்சாலோ, முடி நிறம் சட்டுனு மாறினாலோ, பழசு வெட்டிப் போற வரைக்கும் கிரீம் வேண்டாம்.

---

வேப்பம்பூ:

டெஸ்ட் பார்த்து, அரிப்பு இல்லை என்று உறுதியானபின் நுங்கு சொன்னபடியே நேற்று போட்டோம். பின்தலை நல்ல கறுப்பு. காதோரம் மட்டும் பாசி படிந்த மாதிரிப் பச்சை! அம்மா வெளியே வர மாட்டேன் என்கிறார். இன்னொரு முறை அவுரி போடலாமா? தலையும் வைக்கோல் மாதிரி இருக்கிறது.

---

நுங்கு:

போடாதீர்கள். இரண்டு நாள் பொறுங்கள். அலசிய அன்று பச்சை தெரிவது வழக்கம்தான், காற்றில் நீலமாகிக் கறுக்க 24 முதல் 48 மணி நேரம் எடுக்கும். அதுவரை ஷாம்பு, எண்ணெய், வியர்க்கும் வேலை எதுவும் வேண்டாம். தலையணைக்குப் பழைய துண்டு.

மூன்றாம் நாளும் பச்சை நின்றால் அங்கே மருதாணி போதிய அளவு பிடிக்கவில்லை என்று பொருள். அடியில் சிவப்பு குறைவு. அதற்கு மேலும் அவுரி போட்டால் பச்சைதான் கூடும். அந்த இடத்துக்கு மட்டும் 20 கிராம் மருதாணி குழைத்து இரண்டு மணி நேரம் வைத்தால் சரியாகிவிடும். மீதமுள்ள ஊறிய மருதாணியை வட்டு வட்டாக ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம், நிறம் கெடாது. அவுரியை அப்படி வைக்க முடியாது.

வறட்சி அவுரியின் குணம். மூன்றாம் நாள் தேங்காய் எண்ணெயை ஒரு மணி நேரம் வைத்து மென்மையான ஷாம்பு. சளி பிடிக்கும் உடம்பென்றால் அடுத்த முறை காலை பத்து மணிக்கு ஆரம்பியுங்கள், பசைக் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாகத் தடவுங்கள்.

---

சீப்பும் கத்தரியும்:

நிறம் நிக்கிறதுக்கு: போர் தண்ணியா? உப்புப் படிஞ்சா எந்தச் சாயமும் மங்கும், முடி சொரசொரப்பாகும். கடைசி ஒரு மக்கு மட்டும் குடிக்கிற தண்ணி ஊத்தச் சொல்லுங்க. மாசம் ஒரு தடவை, படிஞ்ச உப்பை எடுக்கிற ஈடிடிஏ உள்ள ஷாம்பு, டை போடுறதுக்கு முந்தின நாளாப் பார்த்துப் போடலாம். வெந்நீர் தலைக்கு வேண்டாம், பச்சைத் தண்ணி. ஷாம்பு வாரம் ரெண்டு. சீயக்காய்ப் பொடியைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிச்சா நிறமும் சேர்ந்து வரும், கரைச்சு வடிகட்டி ஊத்தலாம். வெயில்ல போனா முந்தானை மேல இருக்கட்டும்.

அடுத்த மாசம் முழுத்தலை வேண்டாம். வேருக்கு மட்டும் மருதாணி 40 கிராம், அவுரி 50.

---

பனங்கிழங்கு:

பழைய 'கறுப்பு மருதாணி' பாக்கெட் மிச்சம் இருந்தால் எறிவதற்கு முன் சேர்மானப் பட்டியலைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தோல் மருத்துவரிடம் போகும்போது காட்டுங்கள். பொடியைக் குழந்தைகள் எடுக்கிற இடத்தில் வைக்காதீர்கள். அது வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கும், சிறுநீரகம் கெடும்.

---

வேப்பம்பூ:

மூன்றாம் நாள் ரிப்போர்ட்: வலது காதோரம் கறுத்துவிட்டது. இடது பக்கம் நாலைந்து முடி இன்னும் பச்சை. ஃப்ரீசரில் வட்டு இருக்கிறது, சனிக்கிழமை வைக்கிறோம்.