டிடிஎஸ் 380தான் காட்டுது, ஆனா ஏரியில மீன் செத்து மிதக்குது, எப்படி?

ஏரிக்கரை வீடு:
வணக்கம் மக்களே, ஒரு டவுட். எங்க வீடு ஏரிக்கு எதிர்லயே இருக்கு, பங்குனி பொறந்ததுல இருந்து தண்ணி பச்சைப் பெயிண்ட் கொட்டின மாதிரி ஆயிடுச்சு, காத்து அடிச்சா கரையோரமா ஆடை கட்டுது, ஒரு மாதிரி பாசி நாத்தம் வேற. நேத்து காலைல வாக்கிங் போனவங்க கத்துற சத்தம் கேட்டு போய் பாத்தா கரை பூரா மீனு செத்து ஒதுங்கியிருக்கு. யாரோ மருந்து கலந்துட்டாங்கன்னு ஊருக்குள்ள ஒரே பேச்சு, மேலத்தெருக்காரங்க மேல பழி வேற போடுறாங்க.

நான் ஆர்ஓ மெஷினுக்காக வாங்கி வச்சிருந்த டிடிஎஸ் மீட்டர (தண்ணியில கரைஞ்ச உப்ப காட்டுறது) எடுத்துட்டுப் போய் மத்தியானமா விட்டுப் பாத்தேன், 380 காட்டுது. எங்க வீட்டு போர் தண்ணியே 900க்கு மேல! பிஹெச் பேப்பர்ல (அமிலமா காரமான்னு காட்டுறது, 7க்கு மேல போனா காரம்) பாத்தா 9 கிட்ட வருது. மீட்டர் படி பாத்தா இது குடிக்கிற அளவுக்கு நல்ல தண்ணி, ஆனா மீன் உயிரோட இல்ல. எதை நம்புறது? ஏரிக்குக் கீழ பொதுக்கிணறு ஒண்ணு இருக்கு, அதுல இருந்துதான் எங்க தெருவுக்குத் தண்ணி ஏத்துறாங்க, அதுதான் பயமா இருக்கு.

சும்மா ஒருத்தன்:
380ன்னா சூப்பர் தண்ணி ப்ரோ. ஆர்ஓ போட்டு குடிங்க, மீனுக்கு வயசாயிருக்கும் 😄

மீன்குட்டை மாமா:
மேல இருக்கிற தம்பி சொல்றதக் கேக்காதீங்க. நான் குட்டை குத்தகைக்கு எடுத்து வளர்ப்பு பண்றவன், இந்த மாதிரி காலைல மீன் மிதந்தா முதல்ல மருந்துன்னு நினைக்க மாட்டேன், காத்து இல்லாமப் போச்சுன்னுதான் நினைப்பேன். சில விஷயம் சொல்லுங்க. செத்தது எது? கட்லா, ரோகு, கெண்டை மட்டும் போயிருக்கா, இல்ல விரால், தேளிக் கெளுத்தியும் போயிருக்கா? பெருசு செத்துச்சா பொடிசு செத்துச்சா? முந்தின நாள் விடியக்காத்தால மீனுங்க மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடிச்சா?

ஏன் கேக்குறேன்னா விராலும் தேளிக் கெளுத்தியும் மேல வந்து வெளிக்காத்தையே இழுத்துக்கும், தண்ணியில ஆக்சிஜன் இல்லாட்டியும் தாக்குப் பிடிக்கும். கட்லா, ரோகுவுக்கு அந்த வசதி கிடையாது. அதே மாதிரி ஆக்சிஜன் கொறைஞ்சா பெரிய மீன்தான் முதல்ல சாகும், பூச்சி மருந்து விழுந்தா பெரும்பாலும் பொடிசு முதல்ல போகும், எறா, தண்ணிப்பூச்சி எல்லாம் கூடவே காலி ஆகும், அதுக்கு ராத்திரி பகல்னு கணக்கும் இல்ல. இதப் பாத்தாலே முக்கால்வாசி தெரிஞ்சிடும், மீட்டரே வேணாம்.

ஏரிக்கரை வீடு:
மாமா செத்தது எல்லாமே பெருசு, ரெண்டு கிலோ மூணு கிலோ கட்லா ரோகுதான் நிறைய. இப்ப நீங்க சொன்னப்புறம்தான் யோசிக்கிறேன், கரையில பசங்க நேத்து சாயங்காலம்கூட ஒரு விரால் பிடிச்சாங்க, நல்லா துள்ளிச்சு. வாய் தொறக்குறது நான் பாக்கல, ஆனா பால்காரர் ரெண்டு மூணு நாளாவே விடியக்காலைல தண்ணி மேல மீன் கூட்டமா நிக்குதுன்னு சொல்லிட்டு இருந்தாரு.

மீன்குட்டை மாமா:
அவ்ளோதான், கேஸ் முடிஞ்சது. மேலத்தெருக்காரங்கள விட்டுருங்க.

லேப் பக்கம் வேலை:
தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல இருக்கேன், கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

டிடிஎஸ் மீட்டர் பண்றது ஒரே ஒரு வேலை. தண்ணியில கரண்ட் எவ்ளோ பாயுதுன்னு பாத்து, அதை வச்சு உப்பு எவ்ளோ கரைஞ்சிருக்கும்னு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லும். ஆக்சிஜன் அதுக்குத் தெரியாது, கிருமி தெரியாது, பூச்சி மருந்து தெரியாது. புளோரைடு குடிநீர்ல லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினாலே ஆகாது, அந்த ஒண்ணு ரெண்டு மில்லிகிராம் வித்தியாசமெல்லாம் மீட்டர்ல தனியாவா தெரியப் போகுது? தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் இந்தப் புளோரைடாலதான் பல்லு காவி ஏறி எலும்பு வளைஞ்சு போன ஊருங்களுக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டு வந்தாங்க. அதனால 380ங்கறது 'உப்பு கம்மி'ன்னு மட்டும்தான் சொல்லுது, நல்ல தண்ணின்னு சர்டிபிகேட் இல்ல.

உங்க ஏரியில நடந்தது என்னன்னா, சாக்கடையும் சோப்புத் தண்ணியும் உள்ள வருது, அதுல இருக்கிற நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கு உரம். பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்கூட இருக்க வேணாம், அதுக்குக் கம்மியாவே ஏரி பச்சையாயிடும். பகல்ல பாசி வெயில்ல ஆக்சிஜனக் கக்குது, கரைஞ்சிருக்கிற கார்பன் டை ஆக்சைட உறிஞ்சுது, அது கொறையக் கொறைய பிஹெச் ஏறும், நீங்க மத்தியானம் பாத்த 9 அதுதான். ராத்திரி வெயில் இல்ல, அதே பாசி, கீழ அழுகுற சேறு, மீனு எல்லாம் சேந்து ஆக்சிஜன இழுக்குது, விடியுறதுக்குள்ள தொடச்சு எடுத்துரும். இதுல வெயில் காலம் வேற. 20 டிகிரி தண்ணி அதிகபட்சம் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிச்சு வச்சுக்கும்னா 30 டிகிரியில ஏழரைதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மீன் வளர்ற தண்ணிக்குக் கொறஞ்சது 4 இருக்கணும்னு வச்சிருக்கு, குளிக்கிற தண்ணிக்கு 5. உங்க ஏரிய மத்தியானம் அளந்தா 10, 12ன்னுகூட வரும், எல்லாரும் ஆஹான்னு போயிடுவாங்க. விடியக்காலைல அஞ்சு மணிக்கு அளக்கணும், அப்பதான் உண்மை தெரியும். பல ரிப்போர்ட்ல பதினோரு மணிக்கு சாம்பிள் எடுத்து 'டிஓ (கரைஞ்ச ஆக்சிஜன்) நார்மல்'னு எழுதியிருப்பாங்க, எனக்கு அதப் பாத்தாலே எரிச்சலா வரும்.

இன்னொண்ணு அமோனியா. பிஹெச் 7ல இருக்கும்போது மொத்த அமோனியாவுல ஒரு சதவீதம்கூட விஷமான வடிவத்துல இருக்காது, அதே தண்ணி 9க்குப் போனா மூணுல ஒரு பங்கு அப்படி மாறிடும். பகல்ல அமோனியா அடி, ராத்திரி ஆக்சிஜன் அடி, மீன் எங்க போகும்?

ஆக்சிஜன் அளக்க மீட்டர் இல்லாட்டியும் பழைய விங்க்ளர் முறை இருக்கு, 1888ல கண்டுபிடிச்சது, இன்னமும் லேப்ல அதான் தெய்வம். மூடி போட்ட கண்ணாடி பாட்டில குமிழி வராம தண்ணிக்கு அடியிலயே ரொப்பி, மாங்கனீஸ் சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டு ஆட்டினா தயிர் திரிஞ்ச மாதிரி கீழ எறங்கும். பழுப்பா எறங்கினா ஆக்சிஜன் இருக்கு. வெள்ளையா எறங்கினா இல்ல, அத்தோட கத முடிஞ்சது. பழுப்பா இருந்தா ஆசிட் விட்டு கரைச்சு, ஸ்டார்ச் போட்டு, தயோசல்பேட் சொட்டு சொட்டா விட்டு நீலம் மறையுற எடத்துல கணக்கு பாக்கணும். அதே தண்ணிய இன்னொரு பாட்டில்ல இருட்டுல 27 டிகிரியில மூணு நாள் வச்சு திரும்ப அளந்து, எவ்ளோ கொறஞ்சதுன்னு பாத்தா அதான் பிஓடி, அதாவது அழுக்கு தின்ன ஆக்சிஜன். குளிக்கிற தண்ணியில லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், பச்சை சாக்கடையில 200, 300ன்னு வரும்.

நொய்யல்காரன்:
ஏனுங்க லேப் அண்ணா, டிடிஎஸ்ஸ ஒரேயடியா மட்டம் தட்டாதீங்க, எங்க பக்கம் வந்து பாருங்க. திருப்பூர் சாயப்பட்டறை தண்ணியில உப்புதானுங்க பெரும் பிரச்சனை, சாயம் ஏறுறதுக்கு உப்பு மூட்டை மூட்டையா கொட்டுவாங்க, கலர எடுத்துட்டாலும் உப்பு அப்படியே நிக்கும். நொய்யல் ஆத்துல ஒரத்துப்பாளையம் அணைய பாசனத்துக்குன்னு கட்டுனாங்க, 1992ல முடிஞ்சது, கொஞ்ச வருசத்துலயே அது சாயத்தண்ணி தேங்குற குட்டையாயிப் போச்சு. கடைசியில கீழ இருக்கிற விவசாயிங்களே தண்ணி தொறந்து விடாதீங்கன்னு சொல்ற நிலைமைங்க. அணை கட்டி தண்ணி வேண்டாம்னு சொன்ன ஊரு வேற எங்க இருக்குதுங்க? 2011 ஜனவரியில ஐகோர்ட்டு பட்டறைகள மூடச் சொன்னப்புறம்தான் சொட்டுத்தண்ணி வெளிய விடக்கூடாதுங்கறத கறாரா பாக்க ஆரம்பிச்சாங்க. பாசனத்துக்குக் கண்டக்டிவிட்டி (தண்ணியில கரண்ட் பாயுற அளவு) 2250 தாண்டக்கூடாதுன்னு கணக்கு இருக்குது, அதுக்கு உங்க மீட்டர்தானுங்க உதவும். என்ன கெடுதல் வருதுன்னு தெரிஞ்சா எதை அளக்கணும்னு தெரியும், அவ்ளோதானுங்க.

லேப் பக்கம் வேலை:
@நொய்யல்காரன் நீங்க சொல்றது நூத்துக்கு நூறு. பாலாத்துப் பக்கம் தோல் தொழிற்சாலைன்னா உப்போட குரோமியமும் பாக்கணும், அது மீட்டர்ல சிக்காது.

பூச்சி பாக்குற டீச்சர்:
விலங்கியல் எடுக்கிறேன் காலேஜ்ல. எல்லாரும் பாட்டிலையும் மீட்டரையுமே பேசிட்டு இருக்கீங்க, ஏரிக்குள்ளயே இருக்கிற சாட்சிகளக் கேக்க மாட்டேங்கிறீங்களே. பாட்டில்ல பிடிச்ச தண்ணி அந்த நிமிஷத்தப் பத்தி மட்டும்தான் பேசும். ராத்திரி சாக்கடைய தொறந்து விட்டுட்டு காலைல மூடிட்டா லேப்ல ஒண்ணும் தெரியாது. ஆனா அடிச்சேத்துல மாசக்கணக்கா இருக்கிற பூச்சி எங்கயும் ஓட முடியாது, நடந்தது எல்லாத்தையும் அனுபவிச்சிருக்கும்.

செய்யறது ஈஸி. பழைய கொசுவலைத் துணி, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு லென்ஸ். கரையோரச் செடி வேர், கல்லு அடி, சேறு மூணு எடத்துலயும் அலசி தட்டுல கொட்டி கொஞ்ச நேரம் அசையாம பாருங்க. வால் மூணு நூலா இருந்து, வயித்துக்கு ரெண்டு பக்கமும் இலை இலையா செவுள் விசிறிட்டு இருந்தா அது மேஃபிளை குஞ்சு, தண்ணி ஓரளவு உருப்படி. மணலையும் குச்சியையும் ஒட்டி வீடு கட்டிக்கிட்டு உள்ள இருந்து தலைய நீட்டுறது கேடிஸ்ஃபிளை, அதுவும் நல்ல சேதி. ஸ்டோன்ஃபிளைன்னு இணையத்துல படிச்சுட்டு உங்க ஏரியில தேடாதீங்க, அது குளிர்ந்த மலை ஓடை ஜாதி, கொடைக்கானல் பக்கம் ஓடைக்கல்ல பெரட்டினா கிடைக்கலாம், சமவெளி ஏரியில இல்லாததுக்கு மாசு காரணம் இல்ல.

அதே தட்டுல வெறும் சிவப்புப் புழுவா நெளிஞ்சா யோசிக்கணும். அதுல ரெண்டு வகை. ஒண்ணு கடிக்காத கொசு மாதிரி ஒரு ஈயோட குஞ்சு, மீன் தொட்டி வச்சிருக்கிறவங்க பிளட்வார்ம்னு வாங்குறது. நம்ம ரத்தத்துல இருக்கிற அதே ஹீமோகுளோபின் அதுக்கும் இருக்கு, அதான் ஆக்சிஜன் இல்லாத சேத்துலயும் பொழைக்குது. இன்னொண்ணு டியூபிஃபெக்ஸ், நூல் மாதிரி, தலைய சேத்துல புதைச்சுட்டு வால ஆட்டிக்கிட்டே இருக்கும். ஒண்ணு ரெண்டு சிவப்புப் புழு எல்லா குளத்துலயும் இருக்கும், அதப் பாத்து பயப்படாதீங்க. வேற எதுவுமே இல்லாம அது மட்டும் கூட்டம் கூட்டமா இருந்தாத்தான் கெட்ட சேதி. அப்புறம் மேல வந்து மூச்சு விடுற நத்தை, தண்ணித்தேள், எலிவால் புழு இதெல்லாம் ஆக்சிஜனப் பத்தி சாட்சி சொல்லாது, மாமா சொன்ன விரால் கதைதான்.

இது இன்னிக்கு வந்த ஐடியா இல்ல, 1900களோட ஆரம்பத்துலயே ஜெர்மனியில கோல்க்விட்ஸ், மார்சன்னு ரெண்டு பேர் எந்த அழுக்குல எந்த உயிரு வாழும்னு பட்டியல் போட்டாங்க. பிரிட்டன்ல பூச்சிக் குடும்பம் ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 10 வரைக்கும் மார்க் போட்டு வச்சிருந்தாங்க, டியூபிஃபெக்ஸ் கூட்டத்துக்கு 1தான். நம்ம மத்திய வாரியமும் அதே பாணியில ஒரு முறை வச்சிருக்கு.

ஏரிக்கரை வீடு:
டீச்சர் நன்றி, இன்னிக்கு விடிகாலைல பையனக் கூட்டிட்டுப் போய் டார்ச் அடிச்சுப் பாத்தேன், மீதி இருக்கிற மீனெல்லாம் மதகு பக்கம் தண்ணி விழுற எடத்துலயே கூடி நிக்குது. சேத்த அள்ளி அம்மாவோட எவர்சில்வர் தட்டுல கொட்டினா (திட்டு விழுந்துச்சு, அது தனிக்கதை) பூரா சிவப்பு நூல்தான், வேற ஒரு கால் முளைச்ச ஜீவனக் காணோம். சேறு கன்னங்கரேல்னு அழுகின முட்டை நாத்தம். சரி ஏரி புரிஞ்சது, இப்ப கிணத்துக்கு என்ன பண்றது?

லேப் பக்கம் வேலை:
அழுகின முட்டை நாத்தம்னா அடியில ஆக்சிஜன் சுத்தமா இல்ல, ஹைட்ரஜன் சல்பைடு. கிணத்துக்கு நீங்க பாக்க வேண்டியது வேற லிஸ்ட்: ஈ.கோலை (மலத்துல இருந்து வர்ற கிருமி), நைட்ரேட், அமோனியா, குளோரைடு. ஈ.கோலை 100 மில்லியில ஒண்ணுகூட இருக்கக்கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குள்ள. நைட்ரேட் முக்கியம், கொதிக்க வச்சா போகாது, தண்ணி சுண்டினா கூடத்தான் செய்யும், கைக்குழந்தைக்குப் பால் கலக்குற வீடு இருந்தா முதல்ல அவங்களுக்குச் சொல்லுங்க. குளோரைடும் நைட்ரேட்டும் பக்கத்துக் கிணறுங்கள விட இதுல மட்டும் தூக்கலா இருந்தா சாக்கடை கசிவுன்னு சந்தேகப்படலாம்.

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட லேப் இருக்கு, கட்டணம் கட்டி கொடுக்கலாம். கிருமி டெஸ்ட்டுக்கு பழைய வாட்டர் கேன்ல பிடிச்சுட்டுப் போகாதீங்க, அவங்க தர்ற சுத்தம் பண்ண பாட்டில்ல பிடிச்சு, ஐஸ் வச்சு, அன்னிக்கே கொண்டு போங்க. அது வரைக்கும் ஹெச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு) பாட்டில் டெஸ்ட் பண்ணலாம், 1982ல நம்ம நாட்டு விஞ்ஞானிங்களே வெளியிட்ட முறை, தண்ணி ஊத்தி ஒரு நாள் ரெண்டு நாள் வச்சா கறுப்பாயிடுச்சுன்னா மலக்கலப்பு இருக்கலாம்னு அர்த்தம். கறுக்கலன்னா முழுசா நிம்மதி ஆகிடாதீங்க, லேப் ரிசல்ட் வரட்டும்.

பூச்சி பாக்குற டீச்சர்:
அந்தப் பச்சை ஆடை நீலப்பச்சைப் பாசியா இருக்க வாய்ப்பு அதிகம், மைக்ரோசிஸ்டிஸ்னு ஒண்ணு ஈரல பாதிக்கிற நஞ்சு விடும், கொதிக்க வச்சாலும் போகாது. ஆடு மாட்ட அந்தப் பக்கம் விடாதீங்க, பசங்க குதிச்சு குளிக்கவும் வேணாம்.

சும்மா ஒருத்தன்:
சரி நான் விளையாட்டா சொன்னேன், சாரி 🙏 ஒரு சீரியஸ் டவுட், எங்க ஊர் சந்தையில இப்படி செத்து ஒதுங்குன மீன கம்மி விலைக்கு விக்கிறாங்க, வாங்கலாமா?

மீன்குட்டை மாமா:
வாங்காத தம்பி. எப்ப செத்துச்சு, வெயில்ல எவ்ளோ நேரம் கிடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும். @ஏரிக்கரை வீடு, செத்தத அப்படியே விட்டா அதுவும் அழுகி இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் தின்னுடும், பஞ்சாயத்துல சொல்லி இன்னிக்கே அள்ளி சுண்ணாம்பு போட்டு புதைக்கச் சொல்லுங்க. டீசல் இன்ஜின் கிடைச்சா ராத்திரி ரெண்டு மணியில இருந்து வெயில் ஏறுற வரைக்கும் தண்ணிய இறைச்சு அதே ஏரியிலயே மேல இருந்து விழற மாதிரி வுடுங்க, மிச்ச மீனாவது பொழைக்கும். சாக்கடை உள்ள வர்ற வாய்க்கால் எங்கன்னு ஒரு போட்டோ போடுங்க, அடுத்து அதைப் பேசலாம்.