ரெண்டரிங்: ‘வனைவு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

அசைவூட்டப் (அனிமேஷன்) பணிக்கான கணினியின் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி நாம் சேர்ந்து எழுதிவரும் வழிகாட்டியில் செயலி, தாய்ப்பலகை, வரைகலை அட்டை, நினைவகம் ஆகியவற்றில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கலைஞரின் கோப்பிலிருந்து கணினி படத்தை உருவாக்கும் ‘ரெண்டரிங்’ வேலைக்குத் தமிழ்ச்சொல் தேர்வது என்ற ஒரே இடத்தில்தான் நின்றுவிட்டோம். அந்தச் சொல் சரியாக அமையாவிட்டால் வழிகாட்டியே பயன்படாது என்பது என் எண்ணம். எந்தப் பாகத்துக்குப் பணத்தை ஒதுக்குவது என்ற கேள்விக்கு விடை அந்த வேலையின் தன்மையில்தான் இருக்கிறது.

முதலில் வேலையைப் பார்ப்போம். கலைஞர் சேமிக்கும் கோப்பில் உருவங்களின் வடிவம், மேற்பரப்பின் இயல்பு, விளக்குகள், கேமராவின் இடம் ஆகிய விவரங்கள் இருக்கின்றன. படம் அதில் இல்லை. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் எந்தெந்தத் திசையிலிருந்து எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்று கணக்கிட்டு முடித்த பிறகே படம் பிறக்கிறது. 1986இல் கணினி வரைகலை ஆய்வாளர் ஜேம்ஸ் கஜியா இந்தக் கணக்கை ஒற்றைச் சமன்பாடாக எழுதிக் காட்டினார். இன்றைய மென்பொருள்கள் பலவும் அதற்குத்தான் தோராய விடை தேடுகின்றன. ஆகவே நமக்குத் தேவைப்படுவது, இல்லாத ஒன்றை ஆக்குவதைக் குறிக்கும் வினை.

இந்த அளவுகோலோடு, இதுவரை வந்த சொற்களைப் பார்க்கிறேன். ‘வழங்கல்’ ஆங்கில அகராதியைப் பார்த்து எழுதிய சொல். ‘வழங்கி’யை ஏற்கெனவே சர்வருக்குக் கொடுத்துவிட்டோம், ‘மின்வழங்கி’யும் இருக்கிறது. மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் படிப்பவர் திணறிப்போவார். ‘படமாக்கம்’ என்றால் கேமராவோடு போய்ப் படம்பிடிப்பது என்றே பொருள்படும். ‘காட்சியாக்கம்’ தரவுகளை வரைபடமாகக் காட்டுவதற்கு நிலைத்துவிட்டது.

‘தீட்டல்’ அழகான சொல். முன்மொழிந்த அம்மையாரின் தேர்வை நானும் முதலில் விரும்பினேன். ஆனால் கலைச்சொல் தனியாக நிற்பதில்லை, கூட்டுச்சொற்களாகக் கிளைக்க வேண்டும். தீட்டுநேரம், தீட்டுப்பண்ணை (இந்த வேலைக்காகவே பல கணினிகளைச் சேர்த்துவைத்த இடம்) என்று எழுதிப் பாருங்கள். வினையின் பகுதி தனித்து நின்றதும் மனிதரை மனிதர் விலக்கிவைத்த அந்தப் பெயர்ச்சொல் முன்னால் வந்துவிடுகிறது. தலைமுறை தலைமுறையாகப் பலரைக் காயப்படுத்திய சொல்லை ஒரு தொழிலின் அன்றாடப் பேச்சில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான் முன்வைப்பது ‘வனைவு’. பள்ளியில் இரண்டாம் வேற்றுமை படித்த எல்லாரும் ‘குடத்தை வனைந்தான்’ என்ற எடுத்துக்காட்டை அறிவார்கள். இலக்கண நூலார் அதை ஆக்கற்பொருளுக்குத்தான் காட்டுகிறார்கள்: முன்பு இல்லாத குடம், வனைந்த பிறகு இருக்கிறது. நமக்கு வேண்டிய பொருள் இதுவே. கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன. வனைபொறி (இந்த வேலையைச் செய்யும் மென்பொருள்), வனைநேரம், வனைபண்ணை, வனைந்த சட்டகம் (ஃபிரேம்), மறுவனைவு. ‘ரெண்டரிங்’ என்றே விட்டுவிடலாம் என்ற ஐயாவுக்கும் இதுதான் என் விடை. பேச்சில் அந்தச் சொல் இருக்கட்டும். எழுத்தில் ஒவ்வொரு முறையும் ‘ரெண்டர் செய்யப்பட்ட’, ‘ரெண்டர் செய்வதற்கு ஆகும்’ என்று நீட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இனி, பாகங்களைத் தேர்வு செய்பவருக்கு உண்மையில் உதவப்போகும் பகுதி. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் இரண்டு வேலைகளைக் குறிக்கிறார்கள். உருவத்தைத் திருப்பும்போதும் அதை அசைப்பதற்காக உள்ளே பொருத்திய எலும்புச்சட்டத்தை அசைக்கும்போதும் திரையில் உடனுக்குடன் தெரிவது ஒன்று. இதை ‘நிகழ்நேர வனைவு’ என்போம். இரவெல்லாம் ஓடி முடிவான படத்தைத் தருவது மற்றொன்று. இது ‘இறுதி வனைவு’. நொடிக்கு 24 சட்டகங்கள் என்றால் முதலாவதற்குச் சட்டகம் ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 42 மில்லிநொடி. இரண்டாவதில் ஒரு சட்டகம் 10 நிமிடம் எடுத்துக்கொள்வது வியப்பில்லை. அந்தக் கணக்கில் ஒரு நிமிடப் படத்தின் 1,440 சட்டகங்களுக்கு ஒரே கணினி முழுதாகப் பத்து நாள் ஓட வேண்டும்.

இரண்டும் கேட்கும் வன்பொருளும் வேறு. எலும்புச்சட்டத்தைக் கணக்கிடும்போது பெரும்பாலும் ஒரு படி முடிந்தால்தான் அடுத்த படி தொடங்க முடியும். எனவே அங்கே செயலியின் தனி உள்ளகத்தின் (கோர்) வேகம் முக்கியம். இறுதி வனைவில் ஒரு படப்புள்ளி மற்றொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. செயலியில் வனைந்தால் உள்ளகங்களின் எண்ணிக்கை கைகொடுக்கும், வரைகலை அட்டையில் வனைந்தால் அட்டையின் திறன். பிளெண்டர் மென்பொருளில் உள்ள சைக்கிள்ஸ் என்ற வனைபொறி இரண்டிலும் ஓடக்கூடியது. நாள் முழுதும் அசைவூட்டமே செய்து, வனைவை வெளியே ஒரு பண்ணைக்கு அனுப்பிவிடுபவர் 64 உள்ளகச் செயலி வாங்குவது வீண் செலவு. ‘ரெண்டரிங்குக்கு நல்ல கணினி’ என்று மட்டும் எழுதினால் இவரை நாமே தவறான பாகத்துக்கு அனுப்புகிறோம். அதனால் அடைமொழி இல்லாமல் ‘வனைவு’ என்று எழுதுவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இதோடு தொடர்புடைய இன்னொரு சொல். வரைகலை அட்டையில் உள்ள நினைவகத்தை நம் வரைவில் ‘காணொளி நினைவகம்’ என்று எழுதியிருக்கிறோம். காணொளிக்கும் இதற்கும் இன்று பெரிய தொடர்பில்லை. ‘அட்டை நினைவகம்’ என்று மாற்றலாம். அட்டையோடு பிறந்தது, பிறகு கூட்ட முடியாதது என்ற செய்தி சொல்லிலேயே இருக்கிறது. இது அற்பமான திருத்தமாகத் தோன்றலாம். ஆனால் 8192 × 8192 அளவுள்ள மேற்பரப்புப் படம் (டெக்ஸ்சர்) ஒன்று, நான்கு தடங்களோடு (சேனல்) தடத்துக்கு ஒரு பைட் வீதம், சுருக்காமல் 256 மெகாபைட் பிடிக்கிறது. அத்தகைய பத்துப் படங்கள் உடைய ஒரே கதாபாத்திரத்துக்கு இரண்டரை ஜிகாபைட். காட்சி முழுவதும் அட்டை நினைவகத்தில் அடங்காவிட்டால் மென்பொருளைப் பொறுத்து வனைவு மிகவும் மந்தமாகும், அல்லது நின்றே போகும். 24 ஜிகாபைட் அட்டைகள் இரண்டைப் பொருத்தினால் 48 கிடைக்கும் என்று நம்பி வாங்குபவர்களும் உண்டு. பொதுவாக ஒவ்வோர் அட்டையும் காட்சியின் முழுப் படியைத் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. வேகம் கூடும், இடம் கூடாது. இந்த எச்சரிக்கை வழிகாட்டியில் தடித்த எழுத்தில் இருக்க வேண்டும்.

‘வனைவு’க்கு எதிராக ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். ‘வரைவு’ என்பதோடு ஓர் எழுத்துதான் வேறுபாடு. சிறிய எழுத்தில் கண் ஏமாறக்கூடும். வழிகாட்டியில் ‘வரைவு’ வரும் இடங்களைத் தேடிப் பார்த்தேன். முற்பதிப்பு என்ற பொருளில் மட்டுமே வருகிறது, அங்கெல்லாம் ‘முன்படி’ என்று மாற்றிவிடலாம். மண்பாண்டத் தொழிலின் சொல் கணினிக்குப் பொருந்துமா என்ற தயக்கத்தை நான் ஏற்கவில்லை. நூலும் இழையும் நெசவிலிருந்து வந்து அறிவுத்துறைகளில் அமர்ந்து நெடுங்காலமாகிறது.

மறுப்பு இல்லையென்றால் மூன்றாம் அத்தியாயத்தில் இந்தச் சொற்களை இட்டுத் திருத்தத் தொடங்குகிறேன். ‘சட்டகம்’ மட்டும் இன்னும் உறுத்துகிறது. நிரலாக்கத்திலும் அதே சொல் வேறு பொருளில் வழங்குகிறது. வேறு சொல் தோன்றினால் அத்தியாயம் முடிவதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்.