சின்னத் தொட்டியில் ஸீனியா, கிரீன் ஸ்டார் பாலிப்: வாங்கலாமா?

தெம்பனிஸ் குமார்:
வணக்கம். வீட்டில் 45 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. ஒரு ஜோடி க்ளவுன் மீன், கொஞ்சம் லைவ் ராக் (நுண்ணுயிர்கள் வாழும் கடல்கல்), அவ்வளவுதான். முதல் பவளமாக ஸீனியாவும் கிரீன் ஸ்டார் பாலிப்பும் எடுத்துக்கொள், சாகவே சாகாது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

மலர்விழி:
தாராளமாக வாங்குங்கள் தம்பி. கல் மாதிரிக் கூடு கட்டும் கல்பவளம் என்றால் கால்சியமும் காரத்தன்மையும் அளந்து அளந்து ஊற்ற வேண்டும். இவற்றுக்கு ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினாலே போதும். நைட்ரேட் கொஞ்சம் ஏறினாலும் தாங்கும். ஸீனியா விரல்களை விரித்து மூடுவது சும்மா அழகுக்கு இல்லை. செங்கடல் இனம் ஒன்றை வைத்து இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2013இல் எழுதியிருக்கிறார்கள்: அந்தத் துடிப்பு தண்ணீரைக் கலக்கி, உடலுக்குள் வாழும் பாசி வெளிவிடும் ஆக்சிஜனை அகற்றுகிறது, ஒளிச்சேர்க்கை கூடுகிறது. இதை வீட்டில் உட்கார்ந்து பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஜூரோங் ராஜா:
சாகாது என்பதுதான் பிரச்சினையே. பெரிய தொட்டியில் ஒரு மூலையை விட்டுக்கொடுக்கலாம். 45 லிட்டரில் மூலை ஏது? கிரீன் ஸ்டார் ஊதா நிறப் பாய் மாதிரி கல்மேல் படர்ந்து, பக்கத்தில் இருப்பதை அப்படியே மூடிவிடும். சுரண்டினாலும் பொந்துக்குள் ஒரு துணுக்கு மிஞ்சினால் போதும், மறுபடி வரும். ஸீனியாவில் இன்னொரு ஆபத்து: கல் முழுக்கப் படர்ந்தபின் காரணமே தெரியாமல் மொத்தமாகக் கரைந்துபோவதும் உண்டு. அவ்வளவும் சின்னத் தொட்டியில் அழுகினால் அம்மோனியா ஏறும், மீன் தாங்காது.

மலர்விழி:
அது வைக்கும் இடத்தைப் பொறுத்தது. பிரதான கல்லில் ஒட்டாமல், மணலில் தனிக்கல் போட்டு, சுற்றி நாலு விரல் இடைவெளி விடுங்கள். பாய் விளிம்பைத் தாண்டும்போது கத்தரித்தால் முடிந்தது. பின்கண்ணாடியில் படரவிட்டால் இன்னும் சுலபம், உரித்து எடுக்கலாம்.

ஜூரோங் ராஜா:
கிரீன் ஸ்டாருக்குத் தனிக்கல் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஸீனியாவுக்கு இல்லை. அது கல்மேல் மெல்ல நகரும், பிய்ந்த துண்டு நீரோட்டத்தில் போய் வேறு இடத்தில் ஒட்டும். கென்யா ட்ரீ என்ற மென்பவளம் இன்னும் மோசம், தானே கிளைகளை உதிர்க்கும்.

அப்புறம், கத்தரித்ததை எங்கே போடுவீர்கள்? வெனிசுவேலாவின் மொச்சிமா தேசியப் பூங்காவில் ஸீனியா குடும்பத்து மென்பவளம் ஒன்று பரவி, அங்கிருந்த பவளங்களையே மூடிக்கொண்டிருக்கிறது. அதன் சொந்த ஊர் இந்தோ-பசிபிக் கடல், மீன்தொட்டி வியாபாரம் வழியாக வந்தது என்கிறார்கள். 2020இல் ஹவாயின் பேர்ல் துறைமுகத்திலும் அதே இனத்தைக் கண்டார்கள். மிஞ்சியதைக் கடலிலோ கால்வாயிலோ கொட்டவே கூடாது. நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

பினாங்கு சுபா:
நடுவில் வருகிறேன், மன்னியுங்கள். பவளம் ஒழியட்டும் என்று யாரும் கல்லை வெந்நீரில் கொதிக்கவைக்காதீர்கள். அதில் ஜோவாந்திட் (பவளத்தின் உறவுக்கார உயிரி) ஒட்டியிருந்தால் பேலிடாக்சின் என்ற கடும் நஞ்சு ஆவியோடு வரலாம். வீட்டோடு மருத்துவமனைக்குப் போன குடும்பங்கள் உண்டு. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீருக்கு வெளியே சுரண்டுங்கள். மென்பவளங்கள் போட்டிக்கு ரசாயனமும் விடும், வெட்டினால் இன்னும் அதிகம். ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பை எப்போதும் ஃபில்டரில் இருக்கட்டும்.

தெம்பனிஸ் குமார்:
நன்றி. கிரீன் ஸ்டார் மட்டும், தனிக்கல்லில். ஸீனியா இப்போதைக்கு வேண்டாம்.

மலர்விழி:
உங்கள் தொட்டி, உங்கள் விருப்பம். ஆனால் துடிக்கிற பவளம் இல்லாத தொட்டியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை ராஜா அண்ணே. ஸீனியாவுக்கென்றே தனியாக ஒரு 20 லிட்டர் தொட்டி வைத்தால்?

ஜூரோங் ராஜா:
அதில் வேறெதுவும் இல்லையென்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் 20 லிட்டரில் நம்ம ஊர் வெயிலுக்குத் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். விசிறி வைத்தால் நீர் ஆவியாகி உப்பு ஏறும். தினமும் ஆர்ஓ தண்ணீர் (உப்பு நீக்கி வடிகட்டிய நீர்) ஊற்றத் தயாரா?