மார்ச் மாத பிராக்கெட் போட்டியை நன்கொடைக்காக நடத்தியவர்களின் அனுபவங்கள்

கேரி, வட கரோலினா

எங்கள் பகுதியில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் கல்லூரிக் கூடைப்பந்தைத் தவிர வேறு பேச்சில்லை. டியூக், சாப்பல் ஹில்லின் வட கரோலினா பல்கலைக்கழகம், ராலேயின் என்.சி. ஸ்டேட் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், அலுவலகத்தில் யாரைத் தொட்டாலும் ஏதாவது ஓர் அணியின் தீவிர ரசிகராக இருப்பார். அந்த ஆர்வத்தை நல்ல காரியத்துக்குத் திருப்பலாம் என்று பிராக்கெட் போட்டியை, அதாவது தேசியக் கல்லூரித் தொடரின் ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் வெல்வார் என்று அட்டவணையில் முன்கூட்டியே எழுதும் கணிப்புப் போட்டியைத் தொடங்கியபோது, நன்கொடை யாருக்கு என்பதில் எங்களுக்குள் விவாதமே எழவில்லை. 1983-இல் என்.சி. ஸ்டேட்டைச் சாம்பியனாக்கிய பயிற்சியாளர் ஜிம் வால்வானோ, புற்றுநோயால் 1993 ஏப்ரலில் மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு தொடங்கிவைத்த, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி தரும் வி ஃபவுண்டேஷனுக்கே கொடுப்பது என்று முடிவாயிற்று.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் பணத்தின் வழியைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஆளுக்கு இருபது டாலர் வசூலித்து, ஜெயித்தவருக்குப் பாதி, தொண்டு நிறுவனத்துக்குப் பாதி என்று பிரிப்பதுதான் பலருக்கும் உடனே தோன்றும் ஏற்பாடு. ஆனால் மாநிலச் சட்டத்தைப் பொறுத்து அது சூதாட்டமாகக் கருதப்படலாம். பரிசு பெறும் வாய்ப்புக்காகக் கட்டிய தொகைக்கு வருமான வரிக் கழிவும் கிடைக்காது. ஆகவே எங்கள் போட்டியில் சேரக் கட்டணமே இல்லை. கொடுக்க விரும்புகிறவர் தொண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகக் கொடுக்கிறார், ரசீதும் அவர் பெயருக்கே வருகிறது, ஒருங்கிணைப்பாளரான என் கைக்கு ஒரு காசுகூட வருவதில்லை. முதலிடம் பெறுபவருக்குக் கிடைப்பது, அடுத்த ஆண்டுக்கான தொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டுமே. இந்த ஏற்பாட்டின் அருமை 2020-இல் தெரிந்தது. கொரோனா காரணமாக மார்ச் 12 அன்று போட்டித் தொடரே ரத்தானபோது, திருப்பித் தரவோ கணக்குப் பார்க்கவோ எதுவும் இருக்கவில்லை. அந்த ஆண்டுக்குத் தேர்வாகியிருந்த உள்ளூர் உணவு வங்கிக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. அதன் வாசலில் வரிசை நீளத் தொடங்கிய நேரமும் அதுதான்.

அடுத்தது மதிப்பெண் முறை. 64 அணிகள், 63 ஆட்டங்கள். சுற்றுக்குச் சுற்று 1, 2, 4, 8, 16, 32 என்று மதிப்பெண் இரட்டிப்பாவதே வழக்கம். இதில் சாம்பியனைச் சரியாகச் சொன்னவர் எளிதில் முன்னேறிவிடுவார். தாம் நம்பிய அணி முதல் வாரத்திலேயே தோற்றவர்கள் அத்துடன் ஆர்வம் இழப்பார்கள். நன்கொடைப் போட்டிக்கு அது நல்லதல்ல, ஏனென்றால் எங்கள் அனுபவத்தில் பலரும் இரண்டாம், மூன்றாம் வாரங்களில்தான் மனமுவந்து கொடுக்கிறார்கள். அதனால் வென்ற அணியின் தரவரிசை எண்ணையும் (தொடருக்கு முன்பே அணிகளுக்கு 1 முதல் 16 வரை தரப்படும் நிலை, 1 என்றால் பலமான அணி) ஒவ்வொரு வெற்றிக்கும் கூடுதலாகச் சேர்த்தோம். 2024-இல் அதன் பலனைக் கண்ணால் பார்த்தோம். தாங்கள் சேர்ந்த பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் போட்டியில் ஐந்து நாட்களில் ஐந்து ஆட்டங்களை வென்றதால் மட்டுமே தேசியத் தொடருக்குள் நுழைந்த என்.சி. ஸ்டேட், 11-ஆம் நிலை அணியாக அரையிறுதி வரை சென்றது. அங்கே முதுகலை படித்த திருச்சிக்காரரான எங்கள் சக ஊழியர், பாசத்தால் அந்த அணியை அரையிறுதி வரை எழுதியிருந்தார். நான்கு வெற்றிகளுக்கு வழக்கமான 15, கூடுதலாக 44, ஆக 59 மதிப்பெண்கள். சாம்பியனான கனெக்டிகட்டைக் கடைசிவரை எழுதியவருக்கு அந்த அணியால் கிடைத்ததோ 69.

அரையிறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் என்.சி. ஸ்டேட் 76-64 என்று டியூக்கையே வென்றது. மறுநாள் காலை, டியூக்கில் படித்த எங்கள் மூத்த பொறியாளர் சிற்றுண்டி அறைக்கு வந்து, சுவரில் ஒட்டியிருந்த பெரிய அட்டவணையில் தம் அணியின் பெயரைத் தாமே சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் வென்ற அணியின் பெயரைப் பெரிய எழுத்துகளில் எழுதினார். பிறகு, "அம்மா, நீங்கள் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறீர்கள்" என்று அந்தத் திருச்சிச் சகோதரியிடம் சொல்லிவிட்டு, அவர் பெயரில் ஒரு நன்கொடையும் செலுத்தினார். இருவரும் அதுவரை மின்னஞ்சலில் மட்டுமே பேசிக்கொண்டவர்கள்.

பால்டிமோர், மேரிலாந்து

கேரி நண்பர் சொல்லும் பண ஏற்பாட்டை நானும் வழிமொழிகிறேன். எங்கள் குழுவில் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு: கீழ்நிலை அணி மேல்நிலை அணியை வீழ்த்தும் ஒவ்வொரு முறையும் ஒரு டாலர் என்று விரும்புகிறவர்கள் உறுதியளிப்பார்கள். உச்சவரம்பை அவரவரே முன்கூட்டி எழுதித் தந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இப்படிப்பட்ட எதிர்பாராத வெற்றிகள் மிகுந்த ஆண்டில் சிலருக்குத் தர்மசங்கடம் ஆகிவிடும்.

2018 மார்ச் 16-ஐ எங்களால் மறக்கவே முடியாது. எங்கள் ஊர்ப்புறத்துக் கல்லூரி, சதுரங்கத்துக்குப் பெயர்பெற்ற யு.எம்.பி.சி. (மேரிலாந்து பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுண்டி), ஒட்டுமொத்தத் தொடரிலும் முதலிடம் பெற்றிருந்த வர்ஜீனியாவை எதிர்த்து ஆடியது. ஆண்கள் பிரிவில் அதற்கு முன் 16-ஆம் நிலை அணிகள் 135 முறை ஆடி, 135 முறையும் தோற்றிருந்தன. இடைவேளையில் 21-21 என்று சமமாக இருந்த ஆட்டம் 74-54 என்று முடிந்தது. எங்கள் குழுவில் அங்கேயே படித்தவர்கள்கூட அதை எழுதியிருக்கவில்லை. வர்ஜீனியாவில் படித்த நண்பர் ஒருவர் அந்த இரவே குழுவுக்கு எழுதினார்: ஒரு டாலர் இந்தத் தோல்விக்குப் போதாது, தாம் உறுதியளித்த முழுத் தொகையையும் இன்றே கட்டிவிடுவதாக. அடுத்த ஆண்டும் அவர் வர்ஜீனியாவையே சாம்பியனாக எழுதினார். அந்த அணி உண்மையிலேயே சாம்பியன் ஆயிற்று. எங்கள் போட்டியில் முதலிடம் பெற்ற அவர், சிறுவர் மருத்துவ நிதி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

டி மோய்ன், அயோவா

பெண்கள் தொடருக்கும் ஒரு பிராக்கெட் வையுங்கள் என்பதே என் வேண்டுகோள். அயோவா பல்கலைக்கழக அணியில் கெய்ட்லின் கிளார்க் ஆடிய காலத்தில் எங்கள் ஊரில் ஆண்கள் தொடரைவிட அதற்குத்தான் ஆள் சேர்ந்தது. 2024 இறுதியாட்டத்தில் அயோவா 87-75 என்று தென் கரோலினாவிடம் தோற்றாலும், அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெண்களின் இறுதியாட்டத்தைக் கண்டவர்கள் ஆண்களின் இறுதியாட்டத்தைக் கண்டவர்களை முதன்முறையாக மிஞ்சினார்கள். ஆட்டம் பற்றி வாயே திறக்காத அண்டை வீட்டுப் பெண்மணிகள் தங்கள் மகள்களோடு உட்கார்ந்து பிராக்கெட் நிரப்பியதை நான் நேரில் பார்த்தேன்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இரண்டு அட்டவணைகளும் ஞாயிறு மாலையில் வெளியாகின்றன. ஆண்களின் முதல் சுற்று வியாழன் நண்பகலிலும் பெண்களின் முதல் சுற்று வெள்ளியன்றும் தொடங்குவதால், காலக்கெடுவையும் இரண்டாக வையுங்கள். முதல் சுற்றுக்கு முன் நடக்கும் தகுதி ஆட்டங்களை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.