4 ஜிபி லேப்டாப்: ராம் மிச்சமிருந்தும் ஸ்வாப் குறையவில்லை

2012 மாடல் லேப்டாப். ஐ3, 4 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க். லினக்ஸ்தான் ஓடுகிறது, 2 ஜிபி ஸ்வாப் ஃபைலோடு (ராம் போதாதபோது அதிலிருப்பதை நகர்த்தி வைக்க டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்). ஒரு மாதமாக, பிரவுசரில் ஏழெட்டு டேப் திறந்தாலே டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது, மவுஸ்கூட நகர மறுக்கிறது.

பிரவுசரை மூடிய பிறகு மெமரி நிலவரம் காட்டும் ஃப்ரீ கட்டளையில் ‘அவைலபிள்’ (புரோகிராம்களுக்குக் கிடைக்கக்கூடிய ராம்) 2 ஜிபிக்கு மேல். ஆனால் ஸ்வாப் 1.3 ஜிபியிலேயே நிற்கிறது. (‘ஃப்ரீ’ எண் குறைவாக இருப்பது டிஸ்க்கில் படித்ததை ராமில் வைத்திருக்கும் கேஷால்தான், அது புரிகிறது.)

ஸ்வாப்பினஸை (ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தலாம் என்ற செட்டிங்) 60லிருந்து 10 ஆக்கினேன், பெரிய மாற்றமில்லை. ஸ்வாப்பை அணைத்துப் போட்டால் காலியாகிறது, அப்புறம் பழையபடி நிரம்புகிறது. விஎம்ஸ்டாட் கட்டளையில் எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து ராமுக்கு வருவது), எஸ்ஓ (ராமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது) இரண்டும் பெரும்பாலும் 0. பழைய டேப்புக்குத் திரும்பும்போது மட்டும் எஸ்ஐ எகிறுகிறது.

ராம் வாங்குவதற்கு முன், ஸ்வாப்பை ஸீராமுக்கு (ராமிலேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப்) மாற்றினால் இந்தத் திணறல் குறையுமா?