அறுப்பின் பண்டிகையையொட்டி மின்னணுக் கழிவு சேகரிப்பு: பொருட்களை யாரிடம் ஒப்படைப்பது?

கேள்வி (பாளையங்கோட்டை, வாலிபர் சங்கம்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) அறுப்பின் பண்டிகைக்கு, அதாவது விளைச்சலுக்கு நன்றி செலுத்தும் பண்டிகைக்கு, முந்தைய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், சபையார் வீடுகளில் முடங்கிக் கிடக்கும் பழைய கைபேசி, கணினி, படக்குழாய் தொலைக்காட்சி, சார்ஜர் ஆகியவற்றைச் சேகரிக்கத் தீர்மானித்திருக்கிறோம். அவற்றை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் கமிட்டியில் கருத்து வேறுபாடு. பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் காய்கறியையும் கோழியையும் ஏலம் விடுவதுபோல இவற்றையும் ஏலம் விட்டு, அதிக விலை கேட்கும் பழைய இரும்புக் கடைக்காரருக்குக் கொடுத்தால் ஆலயக் கூரைப் பணிக்கு உதவுமென்று மூத்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனமோ குறைந்த தொகையே தருவதாகச் சொல்கிறது. கமிட்டியில் நாங்கள் என்ன சொல்ல வேண்டும்?

பதில் 1 (சுற்றுச்சூழல் பொறியாளர்)

தம்பி, ஒருவர் ஏன் கூடுதல் விலை தர முடிகிறது என்பதை முதலில் கமிட்டியில் விளக்குங்கள். செம்புக்காகக் கம்பிகளின் பிளாஸ்டிக் உறையைத் திறந்தவெளியில் எரிப்பவருக்கும், மின்சுற்றுப் பலகைகளை அமிலத்தில் ஊறவைத்துப் பொன்னைப் பிரித்துவிட்டு மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றுபவருக்கும், புகையை வடிகட்டவோ கழிவுநீரைச் சுத்திகரிக்கவோ செலவில்லை. அந்தச் செலவை டயாக்சின் என்ற நச்சு கலந்த புகையாகவும் ஈயம் படிந்த மண்ணாகவும் சுமப்பவர்கள் அங்கே கையுறைகூட இல்லாமல் வேலை செய்பவர்களும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுமே. கூரைக்கு வரும் பணம் அப்படி வர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022, மொத்தம் 106 வகைப் பொருட்களை உள்ளடக்கியவை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்யாமல் எவரும் மறுசுழற்சித் தொழில் நடத்தக் கூடாது. பதிவுபெற்ற நிறுவனங்களில் பல சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகளில் இருப்பதால், சுமார் 600 கிலோமீட்டர் தாண்டி வண்டி அனுப்பக் குறிப்பிட்ட அளவு சரக்காவது சேர வேண்டுமென்று கேட்பார்கள். அக்கம்பக்கத்துச் சேகரங்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் வண்டியை வரவழையுங்கள். எடைச்சீட்டையும் ஒப்புகைச் சான்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

பதில் 2 (நாகர்கோவில்)

எங்கள் சபையில் இதை நடத்தியபோது நாங்கள் செய்த தவறு உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். வந்த கைபேசிகளையெல்லாம் ஒரே அட்டைப் பெட்டியில் போட்டு ஞாயிறு பள்ளி அறையில் வைத்துவிட்டோம். மாலையில் பெட்டியிலிருந்து புகை வந்தது. மின்கலம் உப்பியிருந்த கைபேசி ஒன்று மற்றவற்றின் எடையில் நசுங்கியிருந்தது. வேதப்பாட வகுப்பு முடிந்து பிள்ளைகள் கிளம்பிய பிறகு நடந்ததால் யாருக்கும் தீங்கில்லை. அதன்பின் பொருட்களை வாங்கும் மேசையிலேயே உப்பிய மின்கலங்களைத் தனியே ஒதுக்கி, முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய உலோக வாளியில் வைத்து, வெயில் படாத வெளித் தாழ்வாரத்தில் பாதுகாத்தோம்.

படக்குழாய் கண்ணாடியில் ஈயமும், குழல் விளக்குகளில் பாதரசமும் உண்டு. உடையாமல் வாங்கி, பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் வையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிகளுக்கு 2022-ஆம் ஆண்டின் தனி விதிகள் இருப்பதால், மறுசுழற்சி நிறுவனம் அவற்றை ஏற்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 3 (ஓய்வுபெற்ற கணினி ஆசிரியை)

கைபேசியில் உள்ள கூகுள் கணக்கை நீக்கிய பிறகே ரீசெட் செய்ய வேண்டுமென்று ஆராதனை அறிவிப்பில் சொல்லச் சொல்லுங்கள். இல்லையேல் அடுத்தவர் அதைத் திறக்க முடியாமல் போகலாம். கணினியின் வன்தட்டை (ஹார்டு டிஸ்க்) வெறுமனே ஃபார்மேட் செய்வதால் அதிலுள்ளவை முழுமையாக அழிவதில்லை. ஆகவே வன்தட்டைக் கழற்றித் தனியாகக் கொடுத்து, துளையிட்டு அழிக்கும்படி நிறுவனத்திடம் கேட்பதே நல்லது. இயங்கும் மடிக்கணினிகளைச் சோதித்து, தேவைப்படும் மாணவர்களுக்குக் கொடுங்கள். ஆனால் பழுதானதைத் தர்மமென்று எந்தப் பிள்ளையின் தலையிலும் கட்ட வேண்டாம், அது அந்த வீட்டில் இன்னொரு மூலையில்தான் போய்ச் சேரும்.

கேட்டவரின் மறுமொழி

மிக்க நன்றி ஐயா, நன்றி டீச்சர். நாகர்கோவில் அண்ணன் எழுதியதைப் படித்ததும் ஞாயிறு பள்ளி அறையை விட்டுவிட்டு, ஆலய வளாகத்தின் சைக்கிள் கொட்டகையைக் கேட்டிருக்கிறோம். கூரை நிதிக்கென்று, பொருட்களை வாங்கும் மேசையிலேயே தனிக் காணிக்கை உறை வைக்கலாமென்று பெண்கள் ஐக்கியச் சங்கத்தினர் சொன்னார்கள். விலை வித்தியாசத்தின் காரணத்தை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் விளக்கப் போகிறேன். பக்கத்துச் சேகரங்கள் இரண்டுக்கும் இன்றே கடிதம் எழுதுகிறோம்.