புதுப்பிப்பு: அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே காய்ந்துபோவதற்குத் தீர்வு கிடைத்தது

காரைக்குடி வெயிலில் ஆத்தங்குடித் தரைக்கல் பதித்த எங்கள் வீட்டு வளவை (உள்முற்றத்தை) வரையும்போது, அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே தோல் கட்டிவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

அடிக்கடி நீர் தெளித்ததில் வண்ணம் நீர்த்துப்போனதே தவிரப் பயனில்லை. பலன் தந்தது, மூடியுள்ள டப்பாவில் ஈரத்துணியை விரித்து, அதன்மேல் கேக் சுடும்போது அடியில் விரிக்கும் பேக்கிங் தாளைப் (baking paper) பரப்பி, அத்தாளின்மேல் வண்ணத்தைக் கலக்கச் சொன்ன நண்பரின் முறைதான்: துணியின் ஈரம் தாள் வழியே மெல்லக் கசிந்து மேலேறுவதால், காலையில் குழைத்த செங்காவி மாலையிலும் வெண்ணெய் போல் தூரிகைக்கு இணங்கியது. மெழுகுத்தாள் ஈரத்தை மேலே விடாது, அதைத் தவிர்க்கவும்.

எதிர்பாராத ஒன்று, டப்பாவைச் சில நாள் மூடியே வைத்தால் துணியில் பூஞ்சை வாடை வருகிறது என்பது. ஆகவே அன்றன்று அலசி உலர்த்துகிறேன். காய்ந்ததும் அக்ரிலிக் சற்றே அடர்ந்துவிடுவதால், கல்லின் பச்சையை ஒரு சாயல் வெளிறலாகவே கலக்க வேண்டியிருக்கிறது.